தொண்டு செய்யச் செல்வார் அறியவேண்டுவன



மேலைநாட்டுக் கிறித்தவத் திருச்சபைகளில் ஒரு வழக்கம் சென்ற சில பத்தாண்டுகளாகப் பெருகி வந்திருக்கின்றது. விடுமுறை வந்ததும் சபையைச் சேர்ந்த இளைஞரும் யுவதிகளும் பத்துப் பதினைந்து பேராகக் கூடி, வறிய நாடொன்றுக்குப் புறப்படுகின்றனர். அங்கே பத்து நாளோ இரண்டு வாரமோ தங்கிப் பாடசாலைச் சுவருக்கு வெள்ளையடிக்கின்றனர். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கின்றனர். மருத்துவ முகாம் நடத்துகின்றனர். செபக் கூட்டங்களிற் சாட்சி பகருகின்றனர். பின்னர் ஊர் திரும்பித் தம் சபையாருக்குப் படங்களைக் காட்டுகின்றனர். அமெரிக்காவிலும் கொரியாவிலும் இத்தகைய பயணங்கள் மிகுதி. கனடாவிலும் இங்கிலாந்திலும் பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழர் பிள்ளைகளும் இவ்வாறு வன்னிக்கும் மட்டக்களப்புக்கும் வந்து போகின்றனர்.

இவர்களுடைய நல்லெண்ணத்தை ஐயுறுவதற்கில்லை. தம் விடுமுறையையும் கைப்பொருளையும் செலவிட்டு, வெயிலிலும் நுளம்புக் கடியிலும் தங்கிப் பணிசெய்ய வருகிறவர்களைக் குறை கூறுவது எளிது; தாமே அவ்வாறு புறப்படுவது அரிது. ஆயினும், நல்லெண்ணம் மாத்திரம் ஒருவரை நல்ல விருந்தினராக்கிவிடுமா என்பது கேட்கத் தக்க கேள்வி.

புறப்படுமுன் இவர்களுக்குச் சில அறிவுரைகள் வழங்கப்படுவதுண்டு. வீட்டினுட் புகுமுன் பாதரட்சையைக் கழற்ற வேண்டும். இடக்கையாற் கொடுத்தலும் வாங்கலும் ஆகா. பெண்கள் தோளும் முழங்காலும் மறைய உடுத்தல் வேண்டும் என்பன போன்றவை அவை. வேண்டியனவே. ஆனால் இவை வாசற்படி மரியாதைகள். இவற்றை வழுவாது கைக்கொண்ட ஒருவர் வீட்டினுள்ளே புகுந்து, வீட்டுக்காரரைக் கேளாமலே பெட்டி பேழைகளை இடம்மாற்றி அடுக்கத் தொடங்கினால், அவருடைய பாதரட்சை வாசலிற் கிடப்பதனால் என்ன பயன்?

2010 ஆம் ஆண்டு சனவரி 12 ஆந் திகதி ஹெயிட்டி நாட்டைப் பெரும் பூகம்பம் தாக்கியது. அம்மாதம் முடியுமுன்னரே அமெரிக்கப் பப்ரிஸ்து திருச்சபையினர் பதின்மர் அங்கு சென்று, 33 சிறுவரை வண்டியிலேற்றி, அயல்நாடான டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்றனர். சனவரி 29 இல் எல்லையில் தடுக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டனர். தக்க பத்திரங்கள் அவர்களிடம் இருக்கவில்லை. அநாதைச் சிறுவரைக் காப்பதே தம் நோக்கமென்று அவர்கள் சொன்னார்கள். அதனை உண்மையாகவே நம்பியுமிருத்தல் கூடும். விசாரித்தபோதோ, அச்சிறுவருட் பெரும்பாலாருக்குப் பெற்றோர் உயிரோடிருந்தமை தெரியவந்தது. நல்ல பள்ளிக்கூடமும் மூன்று வேளை உணவும் கிடைக்குமென்ற சொல்லை நம்பி, வீடிழந்த அப்பெற்றோர் தம் மக்களைத் தாமே ஒப்படைத்திருந்தனர். ஹெயிட்டியில் அநாதைகள் காத்திருக்கிறார்கள் என்னும் படம் அத்தொண்டர் மனத்தில் விமானமேறுமுன்னரே வரையப்பட்டுவிட்டது. அப்படத்துக்குப் பொருந்தும் பிள்ளைகளை அவர்கள் தேடினார்கள், கிடைத்தார்கள்.

இன்னொரு நிகழ்ச்சி இதனினும் துயரமானது. 2007 யூலையிற் கொரியத் திருச்சபையொன்றின் தொண்டர் 23 பேர் ஆப்கானிஸ்தானத்திலே பேருந்திற் செல்லும்போது தலிபான்களாற் கடத்தப்பட்டனர். இருவர் கொல்லப்பட்டனர். எஞ்சியோரை மீட்பதற்காகக் கொரிய அரசு, தன் நாட்டவர் அங்கே சமயப்பணி செய்யாவண்ணம் தடுப்பதாக உறுதி கூற வேண்டியதாயிற்று. குற்றம் கடத்தினவருடையதே, அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால், வந்தவர் போனபின்னும் அவ்வூரிலேயே இருக்க வேண்டியவர் பலர். விருந்தினரின் துணிச்சலுக்கு அவர்களும் விலை கொடுக்க நேரும் என்பதனைப் பயணத்துக்கு நாட் குறிப்பவர் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்?

இவ்விடயத்தை யாழ்ப்பாணத்தார் பிறநாட்டுச் செய்திகளைக் கொண்டு மாத்திரம் அறியவேண்டியதில்லை. இருநூறு ஆண்டுகளாக வெளிநாட்டு ஊழியரை விருந்தினராக ஏற்றுப் பழகிய மண் இது. பொஸ்டன் நகரிலிருந்த அமெரிக்க மிஷன் சங்கம் அனுப்பிய ஊழியர் 1816 இல் இங்கு வந்து, தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் பழைய தேவாலயங்கள் இடிந்து கிடந்த வளவுகளிற் குடியேறினர். அவர்கள் இரண்டு வாரத்துக்கு வந்தவரல்லர். தமிழைக் கற்றனர், பள்ளிக்கூடங்களும் அச்சுக்கூடமும் வைத்தியசாலையும் நிறுவினர், மனைவியரையும் மக்களையும் இம்மண்ணிலேயே அடக்கஞ் செய்தவர் பலர். நெடுங்காலம் இருந்தவர்க்கும் நேர்ந்த பிழைகள், சிலநாள் வந்து போவார்க்கு நேராமலிருத்தல் அரிது. ஆதலின் அவர்களுடைய வரலாற்றில் இரண்டொன்றை இங்கே நினைவுகூர்தல் தகும்.

1841 ஆம் ஆண்டு சனவரியில் ‘உதயதாரகை’ என்னும் பத்திரிகை வெளிவரத் தொடங்கியது. அதன் ஆசிரியராயிருந்த இருவரின் பெயர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்பன. கேட்பவர் வெள்ளைக்காரரென்றே எண்ணுவர். இருவரும் தமிழர், 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியிற் கற்றவர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இப்பெயர்கள் எவ்வாறு வந்தன? மிஷன் விடுதிப் பாடசாலையில் ஒரு பிள்ளையின் செலவை அமெரிக்காவிலுள்ள ஒருவரோ ஒரு சபையோ ஏற்றுக்கொண்டால், அப்பிள்ளைக்குப் பெயரிடும் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தது. கொடையாளர் தம் பெயரையோ, தாம் போற்றிய ஒரு போதகரின் பெயரையோ எழுதியனுப்பினர். முருகனும் வேலனும் சின்னத்தம்பியுமாக வந்த பிள்ளைகள் முன்பின் கண்டறியாத ஊரவர் பெயர்களைத் தாங்கி வெளியேறினர். அப்பெயர்களிற் சில யாழ்ப்பாணக் குடும்பங்களிலே தலைமுறை தலைமுறையாக நிலைத்தும்விட்டன.

இதிற் கெட்ட எண்ணம் எவருக்கும் இருந்ததில்லை. தூரத்திலிருக்கும் கொடையாளருக்குத் தாம் தாங்கும் பிள்ளை ‘தம் பிள்ளை’ என்னும் உணர்ச்சி இருந்தாற்றான் பணம் தொடர்ந்து வரும் என்பது மிஷனரிமார் கண்ட நடைமுறை உண்மை. ஆனால் ஒரு பிள்ளைக்குப் பெயரிடுவது தாய்தந்தையரின் உரிமை. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடுவது குடும்பத்தின் நினைவு. பன்னிரண்டு மாதச் சோற்றுக்கும் துணிக்கும் ஈடாக அந்நினைவு கைமாறியது. இன்று எவரும் பெயரை மாற்றுவதில்லை, படம் பிடிக்கின்றனர். சட்டையில்லாத பிள்ளையைத் தூக்கிவைத்துக்கொண்டு எடுத்த படம் பிறநாட்டுச் சபை மண்டபத்துத் திரையிலே தோன்றுகின்றது. அப்பிள்ளையின் தாயை ஒரு வார்த்தை கேட்டதுண்டா? தம் ஊரிலே, தம் அயல்வீட்டுப் பிள்ளையை அவ்வாறு படமெடுத்துப் பலர்முன் காட்ட அத்தொண்டர் துணிவாரா? அன்று பெயர் போன வழியே இன்று முகமும் போகின்றது என்றால் அது மிகையன்று.

வட்டுக்கோட்டைச் செமினரிக்கு நேர்ந்தது வேறு விதமானது, சிந்திக்கத் தக்கது. 1855 இல் மிஷன் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் என்பவரும் மற்றொருவரும் பொஸ்டனிலிருந்து வந்து நிலைமையை ஆராய்ந்தனர். ஆங்கிலம் கற்ற மாணாக்கர் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் செல்கின்றனர். தம் மக்களிடையே பணிசெய்வார் சிலரே. சுதேசத் திருச்சபை தன் மொழியில், தன் பணத்தில், தன் ஆட்சியில் நிற்க வேண்டும் என்பது அண்டர்சனின் கொள்கை. செமினரி அவ்வாண்டே மூடப்பட்டது. கொள்கையைக் காகிதத்திற் படிப்பவர், அந்நியர் ஒருவர் தமிழுக்கு இவ்வளவு மதிப்பளித்தாரே என்று மகிழ்வர். ஆனால் ஆங்கிலக் கல்வி வேண்டுமென்று அவாவி நின்றவர் யாழ்ப்பாணத்துப் பெற்றோர். அவர்களுக்கு எது நல்லது என்பதனைக் கடல் கடந்து வந்தவர் சில கிழமைகளிலே தீர்மானித்தார். உள்ளூர்க் கிறித்தவர் விடாது முயன்று, 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி அவ்விடத்திலே தோன்றுமளவும் அக்குறை நீங்கவில்லை. பிறர் பண்பாட்டை மதிப்பதாகச் சொல்லிக்கொண்டே அவரைக் கேளாமல் முடிவு செய்வதும் ஒருவகை அதிகாரமே.

அக்காலத்து ஊழியருள் சற்று விரிவாக எடுத்துக் கூறத் தக்கவர் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அவர் அமெரிக்காவில் மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரில் 1822 ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் பிறந்தார். அவ்வாண்டு டிசெம்பரிலேயே நல்லூரில் ஆறுமுக நாவலர் பிறந்தார். ஒருவர் கிறித்துவைப் போதிக்க இங்கு வந்தார். மற்றவர் அப்போதனையை எதிர்த்துச் சைவத்தைக் காக்க எழுந்தார். இருவரும் தமிழ் உரைநடைக்கு உழைத்தனர் என்பது காலத்தின் விளையாட்டு.

கிறீன் 1847 இல், இருபத்தைந்து வயதளவில் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலையை நிலைகொள்ளச் செய்தார். வைத்திய மாணாக்கரையும் சேர்த்துக்கொண்டார். தொடக்கத்திற் கற்பித்தது ஆங்கிலத்திலேதான். 1857 இற் தாயகஞ் சென்று, 1862 இல் மனைவியாரோடு மீண்டு வந்தார். 1864 முதல் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே போதிக்கலானார். அவரிடம் அறுபதுக்கு மேற்பட்டோர் வைத்தியராகத் தேறினர். போதிப்பதற்கு நூல்கள் வேண்டுமே! மாணாக்கருடனும் உதவியாளருடனும் இருந்து பெருநூல்களை மொழிபெயர்த்தும் திருத்தியும் வெளியிட்டார். பிரசவ வைத்தியம் 1857 இலும், இரணவைத்தியம் 1867 இலும், மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும் 1872 இலும் வெளிவந்தன. மனுஷ அங்காதிபாதம் என்பது உலகெங்கும் வைத்திய மாணாக்கர் பயிலும் கிறே என்பாரின் உடற்கூற்று நூலின் தமிழாக்கமாகும்.

நரம்புக்கும் நாளத்துக்கும் தசைக்கும் எலும்புக்கும் ஆயிரக்கணக்கான பெயர்கள் வேண்டியிருந்தன. தமிழில் முன்னரே வழங்கும் சொல் உண்டா என்று முதலிலே தேடினார். கிடையாதபோது வடமொழியை நாடினார். அங்குமில்லையாயின் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஓசைக்கு இசைய எழுதினார். அங்காதிபாதம் என்பதே தமிழ் வைத்தியரிடை வழங்கிய பழஞ்சொல். சில ஆக்கங்கள் இன்றைய செவிக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். இரசாயன நூலுக்குக் ‘கெமிஸ்தம்’ என்று பெயரிட்டதைக் கேட்டுப் புன்னகைப்பவர் உண்டு. ஆயினும் அவர் தொடங்கிய இடம் எது என்பதைக் கவனித்தல் வேண்டும். இந்த மக்களிடம் முன்னரே ஒரு சொல் இருத்தல் கூடும் என்னும் எண்ணத்திலிருந்து அவர் தொடங்கினார். பலர் எதிர்மாறாகத் தொடங்குவர்.

மாணாக்கர் தமிழ் உடையையும் உணவையும் கைவிட்டு ஐரோப்பியர்போல மாறுவதைக் கிறீன் விரும்பவில்லை. கிறித்தவராகுக, ஆனால் ஆங்கிலேயராக வேண்டாம் என்பது அவர் மனப்போக்கு. இதிலும் ஒரு சிக்கல் உண்டென்பதை மறைத்தலாகாது. தமிழில் வைத்தியங் கற்றவர் அரசாங்க உத்தியோகந் தேடி அகலாமற் கிராமங்களிலேயே தங்குவர் என்பது அவர் கணக்கு. கிராமத்துக்கு அது நன்மை. உத்தியோகத்தை விரும்பிய இளைஞனுக்கோ அவ்வாறன்று. ஆக, கிறீனும் பிழையற்றவரல்லர். எனினும் இருபது ஆண்டுக்கு மேல் இங்கிருந்து, மக்களின் நாவிலிருந்து சொற்களைப் பொறுக்கியவர் அவர். பதினான்கு நாட் பயணத்தில் வருகிறவர் அவரைப் பின்பற்ற இயலாது. அவர் மாணாக்கனாய் இருந்த பகுதியை மாத்திரம் பின்பற்றலாம்.

இனி, இன்று வருவோர்க்கும் அவரை ஏற்போர்க்குமுரிய சில நடைமுறை விடயங்கள். மிஷனின் தொடக்க காலத்திற் சாதி ஆசாரமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் மிஷன் வளவிற் சமைத்ததை உண்ண மறுத்தனர். அவர்களுக்குச் சமையலிடம் புறம்பாக அமைக்க வேண்டியதாயிற்று. இன்று நிலைமை தலைகீழ். வந்த விருந்தினர் யாழ்ப்பாணத்துக் கிணற்றுநீரைக் குடிக்க அஞ்சிப் போத்தல் நீரைக் கையிலே பிடித்துக்கொண்டு விறாந்தையில் இருக்கின்றனர். வீட்டுக்காரி தேங்காய்த் தும்பால் மினுக்கிய செம்பிலே தண்ணீர் கொண்டுவர, ‘வேண்டாம்’ என்று தலையசைக்கின்றனர். வைத்தியர் எச்சரித்திருப்பார், அது நியாயமே. ஆனால் தேநீர் கொதித்த நீரிலே ஊற்றப்படுவது. அதனைக் கேட்டு வாங்கிக் குடித்தால் உடலுக்குந் தீங்கில்லை, வீட்டுக்காரியின் முகமும் வாடாது.

சாதியைப்பற்றிச் சொன்னமையால் இன்னுமொன்று சொல்ல வேண்டும். ஊர்வழக்கத்தை மதிக்க வேண்டுமென்பது பொது விதி. ஊரில் யாருடைய வழக்கம்? 1930 ஆம் ஆண்டையொட்டிய காலத்திலுங்கூட, உதவிப்பணம் பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வேண்டுமென்ற விதியை எதிர்த்து யாழ்ப்பாணத்திற் கலகம் விளைந்தது. சில பாடசாலைகள் தீக்கிரையாயின. வாங்கில் இருந்தவனுக்கும் வழக்கமென்று ஒன்று உண்டு. நிலத்தில் இருத்தப்பட்டவனுக்கு அவ்வழக்கம் வேறாகத் தோன்றும். வந்த இரண்டாம் நாளே இதனைக் கண்டித்து மேடையேறிப் பேசுவது அறியாமை. ஊரிற் பெரியவரென்று பெயர்பெற்றவர் வீட்டிலே மாத்திரம் உண்டு, அவர் சொல்லை ஊரின் சொல்லாகக் கொண்டு திரும்புவதும் அறியாமையே. ஒழுங்கைக் கோடியிலுள்ள வீட்டிற்கும் சென்று, அங்கே தரும் தேநீரையும் இருந்து குடித்துவிட்டு வருவது ஒரு விருந்தினர் செய்யக்கூடியது. அதற்கு மொழிபெயர்ப்பாளரும் வேண்டியதில்லை.

தானப் பொருள்களைப்பற்றி ஒரு வார்த்தை. 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தபின்னர் நாகபட்டினத்து வீதியோரங்களிலே பழைய ஆடைகள் குவியல் குவியலாகக் கிடந்து மழையில் நனைந்தன. உழைத்து உண்ட மீனவர் பிறர் உடுத்துக் களைந்ததை உடுக்க விரும்பவில்லை. அனுப்பினவர் இரக்கமுள்ளவரே. அவர் கேட்க மறந்தது ஒன்றுதான்.

வேலைகளும் அவ்வாறே. ஊரில் மேசனும் தச்சனும் வேலையின்றி இருக்கையில், சாந்தகப்பை பிடித்தறியாத பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கடல் கடந்து வந்து சுவரெழுப்புவது விந்தை. சிறுவர் இல்லங்களிற் சென்று ஒரு கிழமை விளையாடி அன்பு காட்டிப் பின் பிரிவதும் நன்றன்று. பிள்ளைகள் அப்பிரிவை ஒவ்வோர் ஆண்டும் புதிது புதிதாகப் பொறுக்க வேண்டும். மேலும், உலகிற் பல நாடுகளில் இல்லங்களிலே வளரும் சிறுவருட் பெரும்பகுதியினருக்குத் தாய் தந்தையருள் ஒருவரேனும் இருக்கின்றனர். வறுமையே பிள்ளையை இல்லத்திற் சேர்த்தது. உல்லாசப் பயணிக்குரிய அனுமதியோடு வந்து சமயப் பிரசாரஞ் செய்வதும் ஆகாது. பிரசாரம் பண்ணினவர் விமானமேறிவிடுவார், விசாரணைக்கு முகங்கொடுப்பவர் உள்ளூர்ப் போதகரும் அவர் சபையாருமே.

ஏற்பவர்க்கும் பொறுப்பு உண்டு. விருந்தினர் முகங்கோணலாகாது என்று தமிழர் எதற்கும் ‘ஓம்’ என்று சொல்லிவிடுகின்றனர். சென்ற ஆண்டு வெள்ளையடித்த சுவருக்கு இவ்வாண்டும் வெள்ளையடிக்க விடுகின்றனர். அடுத்த ஆண்டுப் பணவுதவி தடைப்படுமோ என்ற அச்சம் வேறு. அந்த ‘ஓம்’ என்ற சொல்லை நம்பி வந்தவரும் ஏமாறுகின்றார். மார்கழி மழையிற் கூரைவேலை நடவாது, சாதாரணதரப் பரீட்சை நடக்கும் காலத்திற் பாடசாலை மண்டபம் கிடையாது, எமக்கு வேண்டியது பெயின்ற் அன்று, தாதி ஒருவரின் ஓராண்டுச் சம்பளம் என்று வெளிப்படையாக எழுதுவதிற் பண்புக்குறைவு எதுவுமில்லை.

ஆகவே பயணத்துக்கு ஆறு மாதம் முன்னராக ஒரு கடிதம் எழுதுவது நல்ல தொடக்கமாகும். அதில், ‘நாங்கள் இன்னின்ன செய்ய வருகிறோம்’ என்று எழுதாமல், ‘நாங்கள் வந்தால் எங்களுக்கு என்ன வேலை தருவீர்கள்?’ என்று கேட்கலாம். மறுமொழியாக, ‘இவ்வாண்டு நீங்கள் வரவேண்டாம்; பயணச் செலவின் ஒரு பகுதியை அனுப்புங்கள், எங்கள் மேசன்மாரைக் கொண்டு கிணற்றைக் கட்டி முடித்துவிடுவோம். அடுத்த ஆண்டு வந்து அந்தத் தண்ணீரிலே தேநீர் குடியுங்கள்’ என்று வருதலுங் கூடும்.